இல்லத்தில் சமைத்த தோப்பி

பத்துப்பாட்டுள் நான்காவதாக எண்ணப்பெறுவது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய இந்நூல் 500 அடிகளால் ஆயது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், எதிர்ப்பட்ட வறிய பாணனைக் காஞ்சிக்குச் செல்லுமாறு ஆற்றுப்படுத்துகின்றான். வழியில் எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் முதலியோர் உறைவிடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அங்கங்கே கிடைக்கும் உணவையும் சொல்லிக்கொண்டே போகின்றான். இவ்வுணவு வகைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் கற்கும் மாணவர்க்கும் அப்பகுதி இனிக்கும். ஆனால் வலைஞர் குடியிருப்பை அடைந்ததும் பாடம் சற்றே வேகமெடுத்துவிடுகின்றது. காரணம் வெளிப்படை. அங்கே அரிசியிலிருந்து கள் வடிக்கும் முறை ஏழடிகளில் சொல்லப்பட்டிருக்கின்றது. "வலைஞர் கள்ளும் சுட்ட மீனும் தருவர்" என்று ஒரே வரியில் பொருள் கூறி அப்பால் செல்வதே பெருவழக்காக இருக்கின்றது.

அவ்வாறு கடந்து செல்லத்தக்க பகுதியன்று அது. சங்க நூல்களில் கள்ளின் பெயர்கள் பல. நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி என அவை விரியும். குறவர் மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேறல் உண்டு; யவனர் மரக்கலங்களில் கொணர்ந்த நறுமணத் தேறலும் உண்டு. பின்னதற்குச் சான்றாக, 1945-இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் உரோமரின் இருகைச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. எனினும் இவையெல்லாம் பெயரும் புகழுமாக நிற்பனவே. எதை எடுத்தார்கள், என்ன செய்தார்கள், எத்தனை நாள் வைத்தார்கள் என்று நிரல்படச் சொல்வது பெரும்பாணாற்றுப்படையின் அவ்வேழடிகளே. அதே பாட்டின் முற்பகுதியில், வீட்டிலேயே சமைத்த கள்ளாகிய தோப்பி என்னும் குறிப்பும் வருகின்றது. ஆகவே இது கடையில் வாங்கிய பொருளன்று; அடுப்பும் பானையும் உள்ள இல்லத்தில், சோறு சமைக்கும் கைகளே சமைத்த பொருள். அதனை இன்று மீண்டும் செய்து பார்த்தல் கூடுமா என்பது வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய வினா. இவ்வினாவில் ஒரு பழஞ்சொல்லின் பொருளும் அடங்கிக் கிடக்கின்றது.

இவ்வடிகளைக் கண்டு நாம் கூசுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. சிம்பாங் அம்பாட்டைச் சூழ்ந்த தென் செபராங் பிறையில், 1840-ஆம் ஆண்டுகள் தொட்டுக் கரும்புத் தோட்டங்கள் பெருகின. பத்து காவான், கலிடோனியா முதலிய தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் இரப்பரும் தென்னையும் வந்தன. மலாயாத் தோட்டங்களில் நிருவாகங்களே உரிமம் பெற்றுக் கள்ளுக்கடைகளை நடத்தின. சம்பளம் கொடுத்த கையே அச்சம்பளத்தில் ஒரு பங்கைக் கள்ளுக்கடை வாயிலாக மீண்டும் வாங்கிக்கொண்டது. இதன் கொடுமையை உணர்ந்த தொழிலாளரே இதற்கெதிராக எழுந்தனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தோன்றிய தொண்டர் படை கள்ளுக்கடை மறியலை ஊர் ஊராக நடத்தியது. 1947-இல் பீடோங்கில் அம்மறியல் போலீசாருடன் மோதலாக முற்றி, உயிரிழப்பிலும் முடிந்தது. இந்த நினைவு உள்ள குடும்பங்களின் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில், கள் வடிக்கும் முறையை விளக்க ஆசிரியர் தயங்குவது இயல்பே. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்க, நாம் ஏன் இதனை விரிக்கவேண்டும் என்று அவர் எண்ணவும் கூடும்.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். தோட்டக் கடையில் விற்றது தென்னங்கள். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் வடியும் சாற்றில் சர்க்கரை முன்னரே இருக்கின்றது. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதனைப் புளிக்கச் செய்துவிடும்; மறுநாள் அது காடியாக மாறத் தொடங்கும். இதில் மனிதன் செய்வது மரம் ஏறுதலும் இறக்குதலுமே. அரிசியின் நிலை வேறு. அதில் இருப்பது மாவுப்பொருள். ஈஸ்ட் அதனை நேரே உண்ணமாட்டாது. முதலில் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறவேண்டும். பின்னரே அது மதுவாதல் கூடும். இந்த முதல் மாற்றத்தை எவ்வாறு செய்வது என்பதே தானியத்தில் மது வடித்த எல்லா நாகரிகங்களும் விடைகாண வேண்டியிருந்த புதிர். உலகம் கண்ட விடைகளுள் தலையாயவை இரண்டு. மேற்றிசையார் தானியத்தை முளைகட்டி, முளையில் தோன்றும் நொதியைக் கொண்டு அதனைச் சாதித்தனர். கீழ்த்திசையார் பூஞ்சணம் படர்ந்த மாவடையைக் கொண்டு சாதித்தனர். பழந்தமிழர் எவ்வழி நின்றனர்?

பழைய மது ஒன்றை ஏட்டிலிருந்து எடுத்து வீட்டில் செய்து பார்க்கும் முயற்சி புதியதன்று. இங்கிலாந்தில் 1963-இல் தன் வீட்டுத் தேவைக்குப் பீர் வடிப்போர்க்கு உரிமம் வேண்டா என்று விதி தளர்த்தப்பட்டது. 1971-இல் இலண்டனின் மேற்குப் பகுதியில் டர்டன் பார்க் பீர் வட்டம் என்னும் சிறு குழு அமைந்தது. பழைய வடிசாலைகளின் கணக்கேடுகளைத் தேடிப் படித்து, அவற்றிலுள்ள அளவுகளை வீட்டுப் பானைக்கு ஏற்பச் சுருக்கி, மறைந்துபோன பீர் வகைகளை மீண்டும் ஆக்கிச் சுவைப்பது இவர்கள் பணி. இவர்கள் கண்ட செய்முறைகள் 1976-இல் நூலாகவும் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று கும்பெனிக் காலத்தில் இந்தியாவுக்கு ஏற்றுமதியான பேல் ஏல் என்னும் வெளிர்நிறப் பீர்.

சென்னை, கல்கத்தா, பம்பாய்த் துறைமுகங்களுக்கு வந்த அப்பீரின் வரலாறு பலரும் அறிந்ததே. ஆயின் பலரும் பிழையாகவே அறிந்தது. வெப்ப நாட்டுப் பயணத்தைத் தாங்குவதற்கென்றே ஜார்ஜ் ஹாட்சன் என்பவர் அதனைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்பது கதை. ஹாட்சனின் வடிசாலை 1752-இல் இலண்டனுக்குக் கிழக்கே போ என்னும் இடத்தில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கும்பெனிக் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறை அதற்கு அண்மையில் இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு அவர் நீண்ட தவணையில் கடனும் கொடுத்தார். அவருடைய வெற்றிக்கு இவ்விரண்டுமே போதிய காரணங்கள். நிலக்கரியைச் சுட்டெடுத்த புகையற்ற கரியில் முளைப்பார்லியை உலர்த்தி வெளிர்நிற மால்ட் செய்யும் முறை அதற்கு நூறாண்டு முன்னரே இங்கிலாந்தில் இருந்தது. ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூக்களை மிகுதியாக இட்டால் பீர் கெடாது என்பதும் அவர்கள் அறிந்ததே. 1822 முதல் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் என்பார் இவ்வணிகத்தில் நுழைந்தபோது, அவ்வூர்க் கிணற்று நீரில் கரைந்திருந்த ஜிப்சம் என்னும் சுண்ணச் சத்து அப்பீருக்கு மேலும் தெளிவும் கசப்பும் கொடுத்தது. இன்னுமொன்று: அப்பீர் பெரும்பாலும் அதிகாரிகளுடைய மேசைக்கே போயிற்று, சாதாரணச் சிப்பாய்களுக்குக் கிடைத்தது போர்ட்டர் என்னும் கருநிறப் பீர். மதுவிலும் வகுப்பு வேற்றுமை நின்றது.

இலண்டன் குழுவினர்க்குக் கணக்கேடுகள் இருந்தன. இத்தனை பீப்பாய்க்கு இத்தனை மால்ட், இத்தனை இராத்தல் ஹாப்ஸ், இத்தனை வெப்பம் என்று எல்லாம் எழுதப்பட்டிருந்தன. எழுதப்படாதது ஒன்றே, அதனைச் செய்த நுண்ணுயிர். பீப்பாயில் ஓராண்டு கிடந்து முதிரும் ஆங்கிலப் பீருக்குத் தனிச் சுவை தந்தது பிரெட்டனோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்ட் என்பதைக் கோப்பன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கிளாசன் 1904-இல் வெளியிட்ட பின்னரே உலகம் அறிந்தது. அளவு தெரிந்தால் மட்டும் பழம்பொருள் மீளாது என்பது இதனாற் பெறப்படும். கண்ணுக்குத் தெரியாத அந்த உயிரை எதனோடு சேர்த்து உள்ளே விட்டார்கள் என்பதும் தெரியவேண்டும்.

கணக்கேடு இல்லாமல் பாட்டு மட்டுமே இருந்தால்? அதற்கும் முன்மாதிரி உண்டு. பண்டைச் சுமேரியர் நின்காசி என்னும் மதுத் தெய்வத்தைப் போற்றிய பாடல் கி.மு. 1800-ஐ ஒட்டிய களிமண் பலகைகளில் கிடைத்தது. மிகேல் சிவில் என்னும் அறிஞர் 1964-இல் அதனை மொழிபெயர்த்தபோது, வழிபாட்டுச் சொற்களுக்கிடையே ஒரு செய்முறையே ஒளிந்திருப்பது தெரிந்தது. 1989-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மானிடவியலார் சாலமன் காட்சும், சான் பிரான்சிஸ்கோவில் அப்போது இயங்கிய ஆங்கர் வடிசாலையாரும் சேர்ந்து அப்பாடலைக் கொண்டே பீர் வடித்துப் பார்த்தனர். அம்முயற்சி முழுவதும் பப்பிர் என்னும் ஒரு சொல்லின்மேல் நின்றது. அதனை அவர்கள் பார்லி ரொட்டி எனக் கொண்டனர். அது ரொட்டிதானா என்று பின்வந்த அறிஞர் ஐயுற்றனர். சொல்லின் பொருள் மாறினால் பானைக்குள் போகும் பொருளும் மாறும். அகராதிப் பிழை நாவில் தெரியும்.

பெரும்பாணாற்றுப்படையிலும் அத்தகைய சொல் ஒன்று உண்டு. அதனைக் காணுமுன் செய்முறையை வரிசையாக நோக்குவோம். உமி நீங்கித் தீட்டப்படாத அரிசியை எடுத்துக் களியாகத் துழாவிக் கூழாக்குகின்றனர். அக்கூழை வாயகன்ற தட்டில் பரப்பி, ஈரம் புலருமாறு ஆறவிடுகின்றனர். பின்னர் நல்ல அடை ஒன்றை அதனுடன் கலக்கின்றனர். இனிமை பிறக்குமாறு இரண்டு பகலும் இரண்டு இரவும் விடுகின்றனர். அதன்பின் வலிய வாயையுடைய சாடியில் இளமை நீங்கி முற்றவைக்கின்றனர். இறுதியில் வெந்நீரின் உதவியோடு அரித்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கின்றனர். அந்த அடையின் புறத்தோற்றத்துக்குப் புலவர் கூறும் உவமைதான் வியப்புக்குரியது. பாம்பு வாழும் புற்றினுள்ளே காணப்படும் குரும்பியை அது ஒத்திருந்ததாம்.

அடை என்பது யாது? பத்துப்பாட்டுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர், முளையை இடித்துக் கூழிலே கலந்தது எனப் பொருள்கொண்டார். 1889-இல் உ. வே. சாமிநாதையர் அவ்வுரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்ததிலிருந்து அதுவே வழிவழியாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றது. அவ்வாறாயின் தமிழர் முறையும் ஆங்கிலேயர் மால்ட் முறையும் ஒரே இனமாகின்றன. நச்சினார்க்கினியர் கொண்ட பொருள் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஈரத்தில் கட்டிவைத்த தானியம் முளைவிடும்போது வேர்கள் ஒன்றோடொன்று பின்னி அடைபோலவே திரண்டுவிடும். அது நாம் காண்பதே. ஆயினும் உரையாசிரியர் வாழ்ந்தது பதினான்காம் நூற்றாண்டையொட்டி. பாட்டுக்கும் உரைக்கும் இடையே ஆயிரம் ஆண்டு அளவிலான இடைவெளி கிடக்கின்றது.

இந்நாட்டில் வாழும் தமிழர்க்கு இவ்விடத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. செபராங் பிறைச் சந்தைகளில், வெங்காயமும் மஞ்சளும் விற்கும் கடையிலேயே, வட்டமாகத் தட்டிய சிறு வெள்ளை அடைகள் விற்கும். மலாய் மொழியில் அதன் பெயர் ராகி. (கேழ்வரகைக் குறிக்கும் நம் ராகி வேறு, இரண்டையும் மயங்கிக் கடைக்காரரிடம் கேட்டால் கூழுக்கு வந்தவர் புளிப்பை வாங்கிக்கொண்டு போவார்.) அரிசிமாவில் மசாலைப் பொருள்களைச் சேர்த்துப் பிசைந்து, பழைய அடையின் பொடியைத் தூவி, பூஞ்சணமும் ஈஸ்டும் படரவிட்டு உலர்த்திய பொருளே அது. மலாய் இல்லங்களில் பெருநாளுக்குத் தாப்பாய் செய்வோர் புளூட் அரிசியை அவித்து, அகன்ற தட்டில் பரப்பி, நன்றாக ஆறவிட்டுப் பின் இந்த அடையைப் பொடித்துத் தூவுவர். சூடு இருந்தால் தாப்பாய் கெடும் என்பது அவர்கள் அனுபவம். இரண்டு மூன்று நாளில் சோறு நெகிழ்ந்து தேன்போல் இனிக்கும். மேலும் விட்டால் மதுவாக முற்றும். சரவாக்கின் துவாக் அவ்வாறு முற்றியதே.

பாட்டின் செய்முறையை இதனோடு வைத்துப் பார்ப்போர் வியவாதிருக்க முடியாது. முளையின் நொதி வெதுவெதுப்பைத் தாண்டிய சூட்டில்தான் விரைந்து தொழிற்படும்; 60 முதல் 65 பாகை செல்சியஸ் அதற்கு உவப்பானது. முளையே சேர்ப்பதாயின் கூழைப் புலர ஆறவைக்கத் தேவையில்லை. சூடு இருக்கும்போதே கலப்பது நன்று. பூஞ்சணத்துக்கோ அச்சூடு கூற்றுவன். ஆறவைத்தே ஆகவேண்டும், நீர் மிகாமல் புலர்ந்திருக்கவும் வேண்டும். இரண்டு பகலும் இரவும் கழிந்ததும் முதலில் இனிமை பிறப்பது, அதன்பின் சாடியில் முதிர்வது என்னும் இருநிலையும் தாப்பாய் முறைக்கே பொருந்துகின்றன. வெந்நீர் பற்றிய குறிப்பும் இடர் தருவதன்று. இமயமலைச் சாரலில் லிம்பு மக்கள் கேழ்வரகை மார்ச்சா என்னும் பூஞ்சண அடையால் புளிக்கவைத்து, அதன்மேல் வெந்நீர் ஊற்றி இறங்கும் சாற்றைப் பருகுகின்றனர். அப்பானத்தின் பெயர் தோங்பா. சோட்டா நாக்பூரில் சந்தாலர் முதலிய பழங்குடியினர் ராணு என்னும் அடையைக் கொண்டு ஹண்டியா வடிக்கின்றனர். கௌடில்யரின் அர்த்தசாத்திரம் உளுந்தும் அரிசியும் சேர்த்துச் செய்யும் கிண்வம் என்னும் புளிப்புப் பொருளைக் கூறுகின்றது. இமயச் சாரல் முதல் மலாய்த் தீவுகள்வரை பரந்த ஒரு கலையில் தமிழகமும் பங்குகொண்டிருந்தது எனக் கருதுதற்கு இடமுண்டு.

எல்லாவற்றினும் வலிய சான்று அவ்வுவமையே. குரும்பி என்பது புற்றாஞ்சோறு. கறையான்கள் மக்கிய மரத்தூளைக் கட்டியாக்கி, அதன்மேல் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து உண்கின்றன. துளைகள் நிறைந்து, வெண்ணிறச் சிறு மணிகள் தெளித்தாற்போல் இருக்கும் அக்கட்டியே புற்றாஞ்சோறு. மழைக்குப்பின் புற்றின்மேல் எழும் காளானை மலாய்க்காரர் செண்டாவான் பூசுட் என்பர். அக்காளானுக்கு வேர் இந்தச் சோற்றில் இருக்கின்றது. தோட்டத்தில் மண்வெட்டியால் புற்றை இடித்தவர் யாரும் அதனைக் கண்டிருப்பர். முளைகட்டிய நெல் பச்சையும் வெள்ளையுமாய் முள்முள்ளாக நிற்குமேயன்றிப் புற்றாஞ்சோற்றை அவ்வளவாக ஒவ்வாது. பூஞ்சணம் பூத்த அடையோ கண்டார் மயங்கும் அளவு ஒக்கும். நுண்ணோக்கி இல்லாத காலத்துப் புலவர், பூஞ்சணம் வளர்ந்த ஒரு பொருளுக்குப் பூஞ்சணம் வளர்ந்த மற்றொரு பொருளையே உவமையாக எடுத்தார் என்றால், அவர் கண்ணின் கூர்மையை என்னென்பது! உரையாசிரியரை மறுத்துரைப்பது சிறுமை எனச் சிலர் எண்ணுவர். உரையாசிரியர் மலாய்ச் சந்தையைக் கண்டிலர், அவ்வளவே.

இக்கருத்து முடிந்த முடிபன்று. செய்து பார்த்தே தெளியவேண்டுவது. ஆனால் எங்கே, யார் செய்வது? உரிமமின்றி மது வடிப்பதை இந்நாட்டின் 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டம் தடுக்கின்றது. பள்ளியிலோ அதனை நினைக்கவும் இயலாது. உரிமமும் ஆய்வகமும் உள்ள பல்கலைக்கழகத்தார் சாடியில் முதிரும் இறுதிநிலைவரை செல்லட்டும். ஆயினும் சொல்லின் பொருளைத் தெளிய அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை. மது தோன்றுமுன் நிகழும் முதல் மாற்றத்தை மட்டும் அறிவியல் அறையில் பார்த்தாலே போதும்.

தீட்டாத அரிசியைக் கெட்டியான கூழாகக் காய்ச்சி மூன்று கிண்ணங்களில் பங்கிடலாம். முதற் கிண்ணத்தில், கூழ் விரல் பொறுக்காத சூட்டில் இருக்கும்போதே, முளைகட்டி உலர்த்திப் பொடித்த நெல்மாவைக் கலக்கவேண்டும். கேழ்வரகு முளையாயின் விளைவு இன்னும் விரைவில் தெரியும். நிற்கும் கூழ் சிறிது நேரத்தில் இளகி ஓடுவதை மாணவர் கண்ணாரக் காண்பர். இரண்டாவதில், பாட்டிற் சொன்னவாறே கூழைத் தட்டில் புலர ஆற்றி, அதே முளைப்பொடியைச் சேர்க்கவேண்டும். மூன்றாவதிலும் புலர ஆற்றிய கூழையே எடுத்து, சந்தையில் வாங்கிய ராகியைப் பொடித்துத் தூவி மூடிவைக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு துளி எடுத்து அயோடின் இட்டால், மாவுப்பொருள் இருக்கும்வரை கருநீலமும், அது சர்க்கரையாகக் கரைந்துபோனால் அயோடினின் பழுப்பும் தோன்றும். இரண்டு பகலும் இரண்டு இரவும் சென்றபின் இரண்டாம் கிண்ணமும் மூன்றாம் கிண்ணமும் என்ன நிறம் காட்டுகின்றன என்று குறித்துக்கொண்டு, எதனையும் உண்ணவிடாமல் கொட்டிக் கழுவிவிடலாம். அந்நாள் காலையில், புற்றாஞ்சோற்றுத் துண்டு ஒன்றையும், வேர் பின்னிய முளைநெல்லையும், ராகி அடையையும் மேசைமேல் வரிசையாக வைத்து, பெயர் சொல்லாமல், உவமைக்குரியது எது என்று மாணவரையே சுட்டச் சொல்லலாம்.